அதைப் பள்ளம் என்று எழுதாதே

“இதை அடிச்சது யாரு?”

மேசை மேல் ஒரு தாளும், தாள் மேல் ஓர் உள்ளங்கையும் ஒன்றாக வந்து விழுந்தன. என் தேநீர் தளும்பித் தட்டில் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். ஐம்பதை ஒட்டிய பெண். ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, அதில் முழங்கை வரை காய்ந்த மண். இன்னொரு கையில் ஆளை விட உயரமான மரக்கோல். அடிக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டது. காவலாளி பின்னாலேயே ஓடி வந்து, “கோலை வெளிய வைக்கச் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க மேடம்” என்று மூச்சு வாங்கினார்.

தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்தில் எனக்கு அது பதினெட்டாவது வருடம். விபத்து அறிக்கைகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. தாளின் அடியில் என் பெயரின் முதலெழுத்து இருந்தது. மறுக்க வழியில்லை.

“நான்தான்.”

“பள்ளத்தில் தவறி விழுந்துன்னு போட்டிருக்க. பள்ளம்னா என்னம்மா?”

“பள்ளம்னா பள்ளம்தான்.”

“நீ பாத்தியா?”

“நான் எங்க பாத்தேன்? ஆய்வாளர் எழுதிக் குடுக்கறாரு, அப்படியே அடிக்கறேன்.”

“பாக்காததை எதுக்கு எழுதற? அது பள்ளம் இல்ல, ட்ரெஞ்சு. ஒன்பதடி. அன்னிக்குக் காலையில நானே அளந்தேன். அவன் விழவும் இல்ல. அடியில நின்னு குழாய் மாட்டிக்கிட்டு இருந்தான். மண்ணுதான் அவன் மேல விழுந்துச்சு.”

எனக்கும் கோபம் வந்தது. பதினெட்டு வருடத்தில் என் மேசையை யாரும் தட்டியதில்லை. “இந்தச் சத்தமெல்லாம் ஆய்வாளர்கிட்ட போடுங்க. அவர் வெளிய போயிருக்காரு” என்றேன். அவள் ஒரு நொடி என்னை முறைத்துவிட்டு, எதிரில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அன்று ஆய்வாளர் திரும்பவில்லை. மறுநாள் காலை நான் வரும்போது அவள் அங்கேயே இருந்தாள். அதற்கு அடுத்த நாளும்.

அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் முழக்கோல் என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் இருக்கும் கோலுக்காக வந்த பெயர் என்று சிலரும், அவள் போடும் முழக்கத்துக்காக வந்தது என்று சிலரும் சொல்வார்கள். இரண்டும் பொருத்தம்தான். கழிவுநீர்க் குழாய் பதிக்க ட்ரெஞ்சு வெட்டும் ஆட்களில் அவள் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறாள். முதல் பத்து வருடம் மண் சுமந்தாள். பிறகு நூல் பிடித்து வாட்டம் பார்க்கும் வேலை வந்தது. நூறடிக்கு இத்தனை அங்குலம் சரிய வேண்டும். சரியவில்லையென்றால் கழிவு தேங்கி, தெரு முழுக்க நாறும். படித்தவர்கள் கருவி வைத்துப் பார்ப்பதை அவள் கோலையும் நூலையும் வைத்துப் பார்ப்பாள். அவள் பார்த்துப் பதித்த குழாய் ஒன்றைக்கூட மறுபடி தோண்டிப் பிடுங்க நேர்ந்ததில்லை. இது பெருமை என்று அவள் சொல்லவில்லை. மேஸ்திரியே என்னிடம் பின்னொரு நாள் சொன்னார்.

மண்ணோடு அவளுக்கு இருந்த பழக்கம் அதற்கும் முந்தையது. அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது நாட்டில் சண்டை வந்தது. அவளுடைய அப்பா வீட்டுக்குப் பின்னால் பதுங்குகுழி வெட்டினார். விமானச் சத்தம் கேட்டால் எல்லோரும் உள்ளே இறங்கிவிட வேண்டும். மேலே பலகை, பலகை மேல் மண்மூட்டை. பக்கச் சுவர் சரியாதபடி இரண்டு பக்கமும் பலகை நிறுத்தி, நடுவே குறுக்குக் கம்பு கொடுத்து இறுக்கியிருந்தார். தங்கை அப்போது கைக்குழந்தை. அவள் வாயைப் பொத்தி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இவள் பொறுப்பு.

“எங்கப்பா தச்சரும் இல்ல, கொத்தனாரும் இல்ல. கடையில மூட்டை தூக்கினவரு. பக்கத்துல குண்டு விழும்னு தெரிஞ்சும், பலகை இல்லாம புள்ளைங்களை உள்ள இறக்கல. இவனுங்களுக்கு என்ன கேடு? குண்டா விழுது?” என்று பெஞ்சில் உட்கார்ந்தபடி அவள் கேட்டாள். நான் தட்டச்சுப் பொறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தங்கையின் புருஷன்தான் செத்தவன். குழாய் மாட்டுகிறவன். வேலை செய்யும்போது எந்நேரமும் சீட்டியடித்துக்கொண்டே இருப்பான் என்பதால் அவனுக்குச் சீட்டி என்றே பெயர். ட்ரெஞ்சுக்குள் ஆள் இருக்கிறானா இல்லையா என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, காது கொடுத்தால் போதும். தங்கைக்கு அவனைப் பார்த்துக் கட்டிவைத்தவள் முழக்கோல்தான். இந்த வேலையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

நடந்தது இதுதான். இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்த காலை. பழைய குழாய் போன இடத்தை ஒட்டியே புதிய ட்ரெஞ்சு வெட்டியிருந்தார்கள். அதாவது ஒரு பக்கச் சுவர் ஏற்கெனவே ஒருமுறை தோண்டி மூடின பொலபொல மண். அகலம் இரண்டரை அடி. வெட்டிய மண்ணை எடுத்துப் போக லாரி வராததால், அதைக் கரையிலேயே குவித்து வைத்திருந்தார்கள். முழக்கோல் கோலை இறக்கி அளந்தாள். ஒன்பது. குவியலுக்கும் விளிம்புக்கும் நடுவே தரையில் ஒரு விரிசல், தலைமுடி அளவுக்கு, ட்ரெஞ்சோடு கூடவே ஓடியிருந்தது.

“மேஸ்திரி, ஒன்பதடி. விரிசல் விட்டிருக்கு. முட்டுக் குடுக்காம ஆள இறக்காதீங்க” என்றாள்.

“பலகை நாளைக்கு வருதுன்னு சொல்லியிருக்காங்க.”

“அப்ப நாளைக்கு இறக்குங்க.”

“நாளைக்கு ரோட்ட மூடணும்னு முதலாளி தலைமேல நிக்கறாரு. நாலே குழாய்தான். ஒரு மணி நேர வேலை. நீ வாட்டத்தைப் பாரு.”

அவள் வாட்டத்தைப் பார்த்தாள். நாற்பதடி தள்ளிப் போய், ஆழம் குறைந்த முனையில் நூல் கட்டினாள். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் குரல் இறங்கிவிடும். மற்ற எல்லாரையும் திட்டும்போது உயருகிற அதே குரல். “நான் ஒரு தடவைதான் சொன்னேன். ஒரே தடவை. சொல்லிட்டு என் வேலையப் பாக்கப் போயிட்டேன்.”

சீட்டிச் சத்தம் நின்றுபோனதைத்தான் அவள் முதலில் கேட்டாள். மண் சரிந்த சத்தம் பெரிதாக இல்லையாம். யாரோ பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்ததாம். ஓடிப் போய்ப் பார்த்தபோது ட்ரெஞ்சு பாதி நிரம்பியிருந்தது. எல்லோரும் கையால் பறித்தார்கள். மண்வெட்டி போட்டால் ஆள்மேல் பட்டுவிடும். முகம் வெளியே வர இருபது நிமிடம் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பத்தாவது நாள், முதலாளியான ஒப்பந்தக்காரர் தங்கையின் வீட்டுக்கே நேரில் வந்தார். நல்ல சட்டை, மெல்லிய பேச்சு. தன் அலுவலகத்தில் அவளுக்கு வேலை போட்டுக் கொடுப்பதாகவும், பிள்ளைகள் இரண்டு பேரின் பள்ளிச் செலவைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். ஒரு தாளை நீட்டினார். எங்கள் அலுவலக அறிக்கையின் நகல். இதில் சொல்லியிருப்பதெல்லாம் உண்மை, எனக்கு மேற்கொண்டு புகார் எதுவும் இல்லை என்று அடியில் ஒரு வரி. தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் முழக்கோல் போனபோது அவர் விட்டுப் போன இன்னொரு நகல் அலமாரியின் மேல் இருந்தது. அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். முழுசாகப் படித்து முடிக்கும் வரை தங்கை அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“பள்ளத்துல தவறி விழுந்தானா? இதுக்கா கையெழுத்துப் போட்ட?”

“எந்த வார்த்தையா இருந்தா என்னக்கா? ஆளு போயாச்சு.”

“கண்ணு தெரியாதவன் மாதிரி, குடிச்சவன் மாதிரி, வழியில கெடந்த பள்ளத்துல விழுந்து செத்தான்னு எழுதி வச்சிருக்கானுங்க. உன் புள்ளைங்க நாளைக்கு இதைப் படிக்கும்டி!”

“படிக்கணும்னா முதல்ல பள்ளிக்கூடம் போகணும்ல? அதுக்குத்தான் போட்டேன்.” தங்கை பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். “நீ கோவப்படு. உனக்கு வீட்டுல தைச்சுச் சம்பாதிச்சுப் போட ஒரு மனுஷன் இருக்காரு. எனக்கு நாளைக்கு அடுப்பு எரியணும். நீதானே அவரை அந்த வேலையில சேத்துவிட்ட? இப்ப வந்து எனக்கு வார்த்தை சொல்லிக் குடுக்கற?”

அக்காவும் தங்கையும் பேசிக்கொண்ட கடைசி நாள் அதுதான், ரொம்ப காலத்துக்கு. முழக்கோல் நகலை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மறுநாள் என் மேசை.

பெஞ்சில் நாலாவது நாள் உட்கார்ந்திருந்தபோது என்னைப் பார்த்துக் கேட்டாள். “ஏம்மா, ஒரு வார்த்தைக்காக அந்த ஆளு இவ்வளவு மெனக்கெடுவானா? பள்ளம்னா அவனுக்கு என்ன லாபம், ட்ரெஞ்சுன்னா என்ன நஷ்டம்?”

எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாகப் பாதுகாப்பு விதிப் புத்தகத்தைத் தட்டச்சு செய்து தேய்ந்த விரல் இது. எங்கள் விதியில் ட்ரெஞ்சுக்கு ‘நீள்குழி’ என்று பெயர். ஐந்தடிக்கு மேல் ஆழமுள்ள நீள்குழிக்கு இரு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும், ஏணி வைக்க வேண்டும், வெட்டிய மண்ணைத் தள்ளிக் குவிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர் உரிமம் போகும். பள்ளத்துக்கு எங்கள் புத்தகத்தில் விதியே கிடையாது. பள்ளம் யாரும் வெட்டாமல் அங்கே கிடப்பது. அதற்கு யாரும் பொறுப்பில்லை.

இதை அவளிடம் சொன்னேன். சொல்லும்போதுதான் அந்தக் கையெழுத்துப் பிரதி நினைவுக்கு வந்தது. ஆய்வாளர் எழுதிக் கொடுத்ததில் ஓர் இடத்தில் அடித்தல் இருந்தது. நீல மையில் எழுதியதைக் கறுப்பு மையில் அடித்து, மேலே வேறு சொல் எழுதியிருந்தார். மேலே இருந்ததைத்தான் தட்டினேன். கீழே என்ன இருந்தது என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பசி நேரம். சாப்பிடப் போகும் அவசரம்.

அவள் போன பிறகு கோப்பு அறையில் அதைத் தேடி எடுத்தேன். ‘ஒன்பதடி ஆழ நீள்குழியின் பக்கச் சுவர் சரிந்து.’ நீல மையில், தெளிவாக. அதன் மேல் இரண்டு கறுப்புக் கோடுகள். மேலே, ‘பள்ளத்தில் தவறி விழுந்து.’ பார்த்ததை முதலில் உள்ளபடி எழுதியிருக்கிறார். பிறகு யாரோ அவரைப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? ஆய்வாளர் மேல் பாதி. மீதி என் மேல்தான். அந்த அடித்தலுக்கு நானும் உடந்தை. அழகாக, பிழையில்லாமல், இரண்டு நகல் எடுத்து உடந்தையாகியிருக்கிறேன்.

அந்த மாதம்தான் எங்களுக்குப் புது விசாரணை அதிகாரி வந்திருந்தார். சிரிக்காத மனிதர், எதையும் இரண்டு முறை படிப்பவர் என்று எல்லோருக்கும் அவர் மேல் எரிச்சல். கைப்பிரதியை நேராகக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் படித்தார். மறுபடி படித்தார். “இது உங்க வேலை இல்லையே?” என்றார். “இல்ல சார். ஆனா அடிச்சது நான்” என்றேன். பத்து நாளில் மறுவிசாரணைக்குத் தேதி குறித்தார். என்னையே குறிப்பெடுக்க உட்காரவைத்தார்.

விசாரணை அறை சின்னது. ஒரு நீள மேசை, ஏழெட்டு நாற்காலி, சுற்றும்போது முனகுகிற மின்விசிறி. ஒரு பக்கம் ஒப்பந்தக்காரர், அவருடைய வக்கீல், தலையைத் தொங்கப்போட்டபடி மேஸ்திரி. எதிரே முழக்கோல் மட்டும். தங்கை வரவில்லை.

வக்கீல் நல்ல பேச்சாளர். “பள்ளமோ, குழியோ, அகழியோ, எல்லாமே மண்ணுல இருக்கற ஒரு இறக்கம்தானே. இந்தம்மா வார்த்தையைப் பிடிச்சுத் தொங்கறாங்க” என்று சிரித்தார்.

அதிகாரி முழக்கோலைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா. எல்லாம் ஒண்ணுதானா?”

அவள் எழுந்து நின்றாள். கோலைக் காவலாளி வெளியே வாங்கி வைத்துக்கொண்டதால் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“அகழின்னா கோட்டையைச் சுத்தி வெட்டி, தண்ணி விட்டு, முதலை விடுவாங்களே அது. எங்க தெருவுல எந்த ராசா கோட்டை கட்டினாரு? அதைத் தள்ளுங்க. சால்னா ஏர் ஓட்டினா விழறது, சாண் ஆழம். வாய்க்கான்னா தண்ணி ஓடறது, மேல தொறந்து கெடக்கும். கட்டடக்காரங்க அஸ்திவாரத்துக்குத் தோண்டினா வானம்னு சொல்வாங்க. கீழ தோண்டறதுக்கு வானம்னு பேரு, ஆனா வேலை செய்யற எவனுக்கும் அதுல குழப்பம் கிடையாது. குழின்னா நாலு பக்கமும் சுவரு. என் தங்கச்சி புருஷனைப் பொதைக்க வெட்டினாங்களே, அது குழி. ட்ரெஞ்சுக்கு ரெண்டு பக்கம்தான் சுவரு சார். மத்த ரெண்டு பக்கமும் போய்க்கிட்டே இருக்கும். அந்த ரெண்டு சுவரையும் பிடிச்சு நிறுத்த ஆளில்லேன்னா அது ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்து வரும். அதுக்குத்தான் பலகை, அதுக்குத்தான் முட்டு. எங்கப்பா பதுங்குகுழிக்குக் குடுத்தாரு. ஆறு வயசுல எனக்குத் தெரிஞ்சது இவருக்குத் தெரியாதா?”

ஒப்பந்தக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

“இவரே அதை எப்படியெல்லாம் கூப்பிடுவாருன்னு கேளுங்க சார். எங்களுக்குக் கூலி பேசும்போது, ‘சும்மா ஒரு வாய்க்கா மாதிரிதாம்மா’ம்பாரு. நகராட்சிக்குக் கணக்குக் குடுக்கும்போது ஆழ் ட்ரெஞ்சு. ஆளு செத்தா பள்ளம். ஒரே மண்ணு, ஒரே ஒன்பதடி. ஆளுக்கொரு பேரு, நேரத்துக்கொரு பேரு! பள்ளம் தானா கெடக்கும். ட்ரெஞ்சு தானா வருமா? நாங்க வெட்டினோம். இவரு வெட்டச் சொன்னாரு. பேரை மாத்திட்டா வெட்டச் சொன்னவனே இல்லேன்னு ஆயிடுமா?”

மின்விசிறி முனகியது. அதிகாரி தன் முன்னால் இருந்த கோப்பைத் திறந்து, ஒப்பந்தக்காரர் நகராட்சிக்குக் கொடுத்த பட்டியலை எடுத்து மேசையில் தள்ளினார். அவர் அதை ஏற்கெனவே வரவழைத்து வைத்திருந்தார். அதில் அந்தத் தெரு, அந்தத் தேதி, ‘ஒன்பதடி ஆழ நீள்குழி, இருபுறமும் முட்டுடன்’ என்று இருந்தது. முட்டுடன்! கொடுக்காத முட்டுக்கும் பணம் கேட்டு எழுதியிருந்தார்கள்.

வக்கீல் சிரிப்பதை நிறுத்தினார். முழக்கோல் மட்டும் திடீரென்று மேஸ்திரி பக்கம் திரும்பி, “நான் சொன்னேனா இல்லையா? சொல்லுய்யா” என்று கத்தினாள். மேஸ்திரி தலை நிமிராமல் சொன்னார். “சொன்னிச்சு சார். காலையில சொன்னிச்சு. நான்தான் இறக்கினேன்.”

தீர்ப்பு ஒரு மாதத்தில் வந்தது. நானே தட்டினேன். ‘நீள்குழியின் பக்கச் சுவர் சரிந்து’ என்ற வரியை அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி அடித்தேன். ஆய்வாளர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார், அவ்வளவுதான் அவருக்கு. ஒப்பந்தக்காரருக்கு இரண்டு வருடம் உரிமம் ரத்து. போலீஸ் தனியாகப் போட்ட வழக்கில் மேஸ்திரிக்குச் சிறை, எட்டு மாதம். களத்தில் ஆளை இறக்கியது அவர் என்பதால்.

நகலை வாங்க வந்த முழக்கோல் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்து நான் தேநீர் வரவழைத்து வைத்திருந்தேன்.

“சொன்னவனுக்கு ரெண்டு வருஷம் லீவு. கேட்டவனுக்கு ஜெயிலு. நல்லா இருக்கும்மா உங்க நியாயம்.” தேநீரைத் தொடாமல் போய்விட்டாள். எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது. இதற்காகவா நான் வேலையைப் பணயம் வைத்தேன் என்று. ஆனால் அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

தீர்ப்பு வந்த வாரமே தங்கைக்குக் கொடுத்த வேலை போயிற்று. பிள்ளைகளின் பள்ளிச் செலவும் போயிற்று. சட்டப்படி இழப்பீடு உண்டு. ஆனால் ஒப்பந்தக்காரர் மேல்முறையீடு போட்டதால் அது எப்போது கைக்கு வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. தங்கை அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். “இப்ப சந்தோஷமா? உன் வார்த்தை ஜெயிச்சிருச்சா? என் புள்ளைங்களுக்கு அதை வடிச்சுக் கொட்டவா?” என்று தெருவே கேட்கக் கத்தினாள். வாழ்நாளில் யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை முழக்கோல். அன்று ஒரு வார்த்தை பேசாமல் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். தையல்காரரான அவள் புருஷன்தான் எழுந்து வந்து, “உள்ள வாம்மா, பொத்தான் தைக்க ஆள் தேடிக்கிட்டு இருக்கேன்” என்றார். தங்கை அக்காவைப் பார்க்காமல் உள்ளே போனாள். அன்றிலிருந்து அந்த வீட்டு முன்னறையில் இரண்டு தையல் இயந்திரம்.

ஒப்பந்தக்காரர் விஷயம் எல்லோரும் எதிர்பார்த்தபடியே நடந்தது. இரண்டு மாதத்தில் அவருடைய மச்சான் பெயரில் புது உரிமம். அதே லாரி, அதே ஆட்கள், புதிதாக ஒரு மேஸ்திரி. வேறு வழியில்லாமல் பழைய ஆட்களே போய்ச் சேர்ந்தார்கள். முழக்கோலும் போனாள். கேட்டதற்கு, “நான் போகலேன்னா எவன் அளப்பான்?” என்றாள். அவளைச் சேர்த்துக்கொண்டதே ஆச்சரியம்தான். வாட்டம் பார்க்க அவளை விட்டால் ஆள் கிடைக்கவில்லை, அதுதான் உண்மை.

மூன்றாவது வாரம் ஒரு காலை, கோலை இறக்கினாள். எட்டடி. பலகை இல்லை. உள்ளே நாலு பேர் இறங்கியிருந்தார்கள். இந்த முறை அவள் மேஸ்திரியிடம் போகவில்லை. விளிம்பில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். “மேல வாங்கடா எல்லாரும்! இப்பவே!”

நாலு பேரும் ஏறி வந்தார்கள். மேலே இருந்த ஏழு பேரும் கையில் இருந்ததைக் கீழே போட்டார்கள். பதினோரு பேர் விளிம்பிலிருந்து தள்ளி, சாலையோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். புது மேஸ்திரி கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் போன் போட்டார். ஒப்பந்தக்காரர் காரில் வந்து இறங்கினார்.

“இது உன் வேலையாம்மா?”

“ஆமா. என் வேலைதான். அளக்கறது என் வேலை. அளந்துட்டேன்.”

“பலகை நாளைக்கு வரும்.”

“அப்ப நாளைக்கு வெட்டிக்கலாம். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல, வெயில் நல்லா இருக்கு.”

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். “கூப்பிடுங்க, அப்படியே பாதுகாப்பு ஆபீஸுக்கும் ஒரு போன் போடுங்க, அங்க எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க” என்றாள் அவள். அவர் காருக்குள் போய் உட்கார்ந்து யாருடனோ பேசினார்.

முக்கால் மணி நேரத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. நிறையப் பலகை, குறுக்குக் கம்பு, இறுக்குகிற இரும்புத் திருகு, இரண்டு ஏணி. எல்லாம் புழுதி படிந்து, சிலந்தி வலையோடு. பலகையை இறக்கிய ஓட்டுநரிடம், “எங்கேயிருந்து கொண்டாறீங்க?” என்று முழக்கோல் கேட்டாள்.

“ரெண்டு தெரு தள்ளி நம்ம குடோன்தான். வாங்கி மூணு வருஷமாச்சு. யாரும் கேக்கல.”

மூன்று வருடம். சீட்டி செத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

அன்று அவள் செய்ததைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒப்பந்தக்காரர் மேல் பாய்வாள் என்று எல்லோரும் பயந்தார்களாம். பாயவில்லை. ஒரு பலகையைத் தானே தோளில் தூக்கி வந்து, அவருடைய காரின் முன்கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திப் பிடித்தாள். உள்ளே இருந்தவருக்கு அந்தப் பலகையைத் தவிர வேறு எதுவும் தெரியாதபடி. கை வலிக்கும் வரை அப்படியே நின்றாளாம். பிறகு அதைக் கொண்டுபோய் ட்ரெஞ்சுக்குள் இறக்கச் சொன்னாள். முட்டு இறுக்கி, ஏணி வைத்து, மதியத்துக்கு மேல்தான் வேலை தொடங்கியது. சாயங்காலத்துக்குள் அன்றைய குழாயெல்லாம் மாட்டியாயிற்று. நேரம் போகும் என்று சொல்லித்தானே சீட்டி இறங்கிய அன்று முட்டுக் கொடுக்கவில்லை? மொத்தமாகத் தாமதமானது மூன்றரை மணி நேரம்.

இப்போது அந்த ஆட்கள் பலகை வராமல் இறங்குவதில்லை. மற்ற ஒப்பந்தக்காரர்களின் ஆட்களும் அரசல்புரசலாகக் கேள்விப்பட்டு அதையே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அல்ல. போன மாதமும் என் மேசைக்கு ஓர் அறிக்கை வந்தது. நகரின் மறுகோடி, ஏழடி, இரண்டு பேர். இழப்பீட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. மேஸ்திரி சிறையிலிருந்து வந்து, இப்போது வேறு எங்கோ கூலிக்கு மண் சுமக்கிறார்; அவர் வீட்டுக்கு முழக்கோல் ஒருமுறை போய்வந்தாள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை.

அக்காவும் தங்கையும் ஒரே கூரையின் கீழ் பொழுதைக் கழிக்கிறார்கள். நேராகப் பேசிக்கொள்வதில்லை. “உங்க பெரியம்மாவைச் சாப்பிட வரச் சொல்லு” என்று தங்கை பிள்ளையிடம் சொல்வாள். “உங்கம்மாவை விளக்குப் போட்டுட்டுத் தைக்கச் சொல்லு, கண்ணு கெட்டுடும்” என்று முழக்கோல் சொல்வாள். பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது. சில நாள் அவர்கள் வெளியே விளையாடப் போய்விட்டால், சேதி சொல்ல ஆளில்லாமல் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்களாம். தையல்காரர் சொன்னார். போன வாரம் அப்படி ஒரு மத்தியானம், தங்கை ஊசியில் நூல் கோக்க முடியாமல் தடுமாற, முழக்கோல் எழுந்து போய் ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்திருக்கிறாள்.

“வெளிச்சத்துல உக்காரக் கூடாதா?” என்று எரிந்து விழுந்தாளாம்.

“உக்காருவேன், நீ மறைக்காம நகர்ந்தா” என்றாளாம் தங்கை.